இடிப்பதற்கு முன் கணக்கைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு தங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில், சிறு நகரங்களில் உள்ள பழைய தங்கும் விடுதிகளைப் பற்றி ஒருவர் எழுதியிருந்தார். கடைவீட்டு மாடிகளில் நடக்கும் இந்த விடுதிகளின் காலம் முடிந்துவிட்டதாம். ஊருக்கு அவை அவமானமாம். உரிமத்தைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டு இடித்துத் தள்ளினால் கார் நிறுத்த இடமாவது கிடைக்குமாம். வளர்ந்த நாடுகளில் இப்படிப்பட்ட அழுக்கு மாடிகளைப் பார்க்க முடியுமா என்றும் கேட்டிருந்தார்.

அந்த அழுக்கு மாடிகளில் ஒன்று என்னுடையது. நம் மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில், கடை முன்னால் ஓடும் நடைபாதையான அஞ்சடியிலிருந்து மரப்படியேறினால் பன்னிரண்டு அறைகள். 1956-இல் அப்பா தொடங்கினார், இப்போது நானும் மனைவியும் நடத்துகிறோம். ஆகவே நான் நடுநிலையானவன் என்று சொல்லிக்கொள்ளப் போவதில்லை. ஆனால் வளர்ந்த நாட்டைப் பற்றி அவர் கேட்ட கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியும். இந்த மார்ச் மாதம் சுவிட்சர்லாந்தில், ஆல்ப்ஸ் மலையில் இருக்கும் வெங்கன் என்ற பனிச்சறுக்கு ஊரில், நூறாண்டுக்கு மேலாக ஒரே குடும்பம் நடத்திவரும் விடுதியில் தங்கிவிட்டு வந்திருக்கிறேன். அங்கும் மரப்படிகள்தாம். அவையும் கிரீச்சிடுகின்றன.

சூரிக்கில் வேலை செய்யும் மகள்தான் எங்களை அழைத்துப் போனாள். நீச்சல் குளம் வைத்த புது ஓட்டலில் போடட்டுமா என்று முதலில் கேட்டவள், பிறகு தானாகவே மனம் மாறி இந்தப் பழைய விடுதியில் அறை எடுத்தாள். “அப்பா, கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்ப்பதெல்லாம் வேண்டாம்” என்று மட்டும் முன்கூட்டியே எச்சரித்தாள். பார்க்காமல் இருக்க முடியுமா? தூசி இல்லை. விடுதியின் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் இது கடிதமாக இருக்காது, விளம்பரமாகிவிடும்.

வெங்கனுக்குக் கார் போகாது. லாட்டர்புருன்னன் என்ற பள்ளத்தாக்கு ஊரில் இறங்கி, பல்சக்கர ரயிலில் ஏற வேண்டும். இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே பல்வரிசைபோல் ஓர் இரும்புச் சட்டம் ஓடுகிறது. ரயிலின் அடியிலுள்ள பற்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி மலையேறுகிறது. அந்தப் பாதை 1893-இல் திறக்கப்பட்டது. கடல்மட்டத்திலிருந்து 1,274 மீட்டர் உயரத்தில் மாடு மேய்த்துப் பாலாடைக்கட்டி செய்துகொண்டிருந்த ஓர் ஊருக்கு அப்படித்தான் வெளியுலகம் வந்து சேர்ந்தது. ஸ்டேஷனில் இறங்கியதும் விடுதியின் சிறிய மின்வண்டி ஒன்று வந்து எங்கள் பெட்டிகளை மட்டும் ஏற்றிக்கொண்டு போயிற்று. நாங்கள் பனியில் நடந்தோம். என் மனைவி ஈப்போவில் வாங்கிய காலணியை நம்பி வந்தவள். அந்தக் காலணியைப் பற்றி மேலும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

வரவேற்பு மேசையில் கணினி இருந்தது. அதற்குப் பின்னால் சுவரில் சாவிகளுக்கான மரத்தட்டுகளும் இருந்தன. ஒவ்வொரு சாவியிலும் உள்ளங்கையை நிரப்பும் பித்தளைக் குண்டு. இந்த வித்தையை நான் அறிவேன். கனமான சாவியை விருந்தாளி சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போக மாட்டார், மேசையில் கொடுத்துவிட்டுத்தான் போவார். அப்பா இதற்காகவே பால்மரத்து, அதாவது ரப்பர் மரத்து, கட்டையில் துளையிட்டுச் சாவிகளைக் கோத்திருந்தார்.

அறை சிறியது. இரட்டைக் கட்டில், ஆனால் ஆளுக்கொரு இறகுப் போர்வை தனித்தனியாக மடித்து வைத்திருந்தார்கள். யார் போர்வையை யார் இழுத்தது என்ற சண்டைக்கு இடமே இல்லை. முப்பது ஆண்டுத் திருமண வாழ்க்கை நடத்திய எவரும் இதைப் பெரிய கண்டுபிடிப்பு என்றே சொல்வார்கள். காலை எட்டரை மணிக்கு எல்லா மாடிகளிலும் சன்னல்களைத் திறந்து, போர்வைகளை வெளியே தொங்கவிட்டுக் காற்றாட வைக்கிறார்கள். குளிர் எவ்வளவு இருந்தாலும் இந்தப் பழக்கத்தை மாற்றுவதில்லை. நம் ஊரில் ஈரக்காற்று. நாங்கள் மெத்தைகளை வெயிலில் போட மழையைப் பார்த்துப் பார்த்து ஓடுகிறோம்.

சாப்பாட்டுக் கூடத்தில் தங்கியிருக்கும் நாள் முழுவதும் ஒருவருக்கு ஒரே மேசைதான். அறை எண் எழுதிய துணி உறையில் அவரவர் கைதுடைக்கும் துணியை மடித்து வைத்துவிட்டுப் போக வேண்டும். இரவு வந்தால் அதே துணி காத்திருக்கும். சலவைச் செலவு எவ்வளவு மிச்சம் என்று உடனே மனக்கணக்குப் போட்டேன். இது கஞ்சத்தனம் இல்லை, கணக்கு. காலை உணவும் இரவு உணவும் அறைக் கட்டணத்திலேயே அடக்கம். எத்தனை பேர் சாப்பிடுவார்கள் என்பது மாலையிலேயே தெரிந்துவிடுவதால் சமையலறையில் எதுவும் வீணாவதில்லை. ஒரு நாள் இரவு ஃபோண்டூ போட்டார்கள். மண்சட்டியில் பூண்டைத் தேய்த்து, வெள்ளைத் திராட்சை மதுவில் பாலாடைக்கட்டியை உருக்கி, ரொட்டித் துண்டுகளை நீண்ட முள்ளில் குத்தித் தோய்த்துச் சாப்பிடுகிறார்கள். என் மனைவி கைப்பையிலிருந்து ஊறுகாய்ப் புட்டியை எடுத்தாள். பக்கத்து மேசையில் இருந்த மூதாட்டி அதைக் கேட்டு வாங்கிச் சுவைத்துப் பார்த்தார். அன்று முதல் அந்தக் கூடத்தில் எங்களுக்கு ஒரு மரியாதை ஏற்பட்டது.

நிலவறையில் சறுக்குக் கட்டைகளுக்கான அறை. கனமான காலணிகளைக் கவிழ்த்து மாட்ட வரிசையாகக் குழாய்கள், அவற்றிலிருந்து இளஞ்சூட்டுக் காற்று வருகிறது. மறுநாள் காலையில் காலணி காய்ந்து, கதகதப்பாக இருக்கும். நான் சறுக்கவில்லை. என் வயதில் ஒரு கால் ஒடிந்தால் அதைப் பார்த்துக்கொள்ளச் சுங்கை சிப்புட்டில் யாருக்கும் நேரம் இல்லை. ஆனால் அந்த அறையில் மாலை நேரத்தில் போய் நின்றேன். பாட்டன், மகன், பேரன் என்று மூன்று தலைமுறையினர் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து காலணி கழற்றிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பாட்டன் சிறுவனாக வந்தபோதும் இதே விடுதிக்குத்தான் வந்தாராம்.

குறைகளையும் சொல்ல வேண்டும். வெந்நீர்க் குழாய் நள்ளிரவில் யாரோ சுத்தியலால் அடிப்பதுபோல் சத்தம் போட்டது. லிஃப்டில் மூன்று பேர் ஏறினால் நான்காவது ஆள் மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டும். குளியல் தொட்டியின் விளிம்பு என் மனைவியின் முழங்காலுக்கு மேலே. கழிப்பறையில் வாளி, குவளை, தண்ணீர்க் குழாய் எதுவும் கிடையாது. இவ்வளவுக்கும் இருவருக்கு ஓர் இரவுக் கட்டணம் ஏறக்குறைய 300 பிராங்க். நம் கணக்கில் 1,500 வெள்ளியை, அதாவது ரிங்கிட்டை, தொடும். என் விடுதியில் அந்தப் பணத்துக்கு ஓர் அறையை ஏறக்குறைய ஒரு மாதம் எடுத்துக்கொள்ளலாம். என் அறைகளில் குவளையும் உண்டு.

அந்த வாசகர் இங்கேதான் கவனிக்க வேண்டும். மலையும் பனியும் இருக்கிறது, ஆகவே விடுதி நிற்கிறது என்று நாம் நினைக்கிறோம். நானும் ரயிலில் ஏறும்போது அப்படித்தான் நினைத்தேன். விடுதியை நடத்தும் அம்மையாருக்கு என் வயதுதான் இருக்கும். நானும் இதே தொழில் என்று மகள் சொன்னதும், இரவுச் சாப்பாடு முடிந்து மேசைகள் ஒழிந்த பிறகு எங்களோடு வந்து உட்கார்ந்தார். எண்பதைத் தாண்டிய அவருடைய தாயார் ஒரு மூலையில் மறுநாளுக்கான துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். நாங்கள் பேசியது பனியைப் பற்றி இல்லை. கடனையும் பாகப்பிரிவினையையும் கூரையையும் பற்றித்தான் பேசினோம்.

அவர் வாயிலாகத் தெரிந்துகொண்டதையும், பிறகு மகளை விட்டுத் தேடிப் படிக்கச் சொன்னதையும் சேர்த்து எழுதுகிறேன். ஆல்ப்ஸில் குளிர்கால விருந்தாளி என்ற ஒருவர் ஆதியிலிருந்தே இருந்ததில்லை. கோடையில் மட்டும் வந்துகொண்டிருந்த ஆங்கிலேயர்களிடம், சான் மோரிட்ஸ் ஊரின் விடுதிக்காரர் யோகான்னஸ் பாட்ருட் 1864-இல் பந்தயம் கட்டியதாக ஒரு கதை உண்டு. குளிர்காலத்தில் வாருங்கள், வெயில் அடிக்காவிட்டால் பயணச் செலவை நானே தருகிறேன் என்றாராம். வந்தவர்கள் வெயிலில் கறுத்த முகத்தோடு மகிழ்ச்சியாகத் திரும்பினார்களாம். கதையில் எவ்வளவு கலப்படம் இருந்தாலும், தொழில் தெரிந்த மனிதனின் கதை. வெங்கனுக்கோ குளிர்கால ரயிலே 1910-ஐ ஒட்டித்தான் ஓடத் தொடங்கியது. ரயிலில் மேலே ஏறிச் சறுக்கிக்கொண்டு கீழே இறங்குவது மட்டுமே தங்கள் வேலை என்று அறிவித்துக்கொண்ட ஆங்கிலேயர்கள், 1925-இல் ‘டவுன்ஹில் ஒன்லி’ என்ற பெயரில் அங்கே ஒரு சங்கமே தொடங்கினார்கள். 1930-இலிருந்து லாபர்ஹோர்ன் பனிச்சறுக்குப் பந்தயம் நடக்கிறது. ஏறக்குறைய நாலரை கிலோமீட்டர் நீளம், உலகக் கோப்பைப் போட்டிகளில் அதைவிட நீண்ட இறக்கம் வேறில்லை. சனவரியில் அந்த ஒரு வாரம் வரும் பணம் ஏப்ரல் மாதத்து வெறும் அறைகளைத் தாங்கிக்கொள்கிறது என்றார் அம்மையார்.

ஒரு குறுக்குச் சிந்தனை. 1910 என்றால் லண்டன் சந்தையில் ரப்பர் விலை வெறிபிடித்து ஏறிய ஆண்டு. மலாயாவில் காடழித்துக் கன்று நட்டவர்கள் நம் பாட்டன்மார். பங்கு வைத்திருந்தவர்கள் லண்டன்காரர்கள். விடுதியின் முன்கூடத்துக் கண்ணாடிப் பெட்டியில் அந்தக் காலத்து விருந்தாளிப் பதிவேடு ஒன்றைத் திறந்து வைத்திருந்தார்கள். பக்கம் முழுக்க ஆங்கிலேயப் பெயர்கள், லண்டன் முகவரிகள். அவர்களில் யாராவது ஒருவரின் சறுக்குக் கட்டைக்கு நம் ஊர்ப் பால்மரம் காசு கொடுத்திருக்காதா என்று நினைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அந்தப் பெட்டிக்கு முன்னால் நின்றேன். மகள் வந்து, அப்பா மறுபடியும் தூசி தேடுகிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

1914-இல் போர் வந்ததும் விருந்தாளிகள் மறைந்துவிட்டார்கள். கடன் வாங்கிக் கட்டிய விடுதிகள் மலை முழுவதும் காலியாக நின்றன. அப்போது சுவிஸ் அரசு என்ன செய்தது தெரியுமா? 1915-இல் ஓர் ஆணை போட்டது. தேவை இருக்கிறது என்று காட்டி அனுமதி வாங்காமல் எவரும் புதிய ஓட்டல் கட்டக்கூடாது, இருப்பதைப் பெரிதாக்கவும் கூடாது. இந்தக் கட்டுப்பாடு 1952 வரை நீடித்தது. கடனில் மூழ்கிய விடுதிகளைக் கரையேற்ற 1921-இல் தனியாக ஒரு நிறுவனம் ஏற்படுத்தினார்கள். 1960-களில் அதன் வழியில் விடுதிகளுக்கென்றே ஒரு கடன் சங்கம் வந்தது. மலைப்பகுதிகளிலும் பருவகால ஊர்களிலும் இருக்கும் விடுதிகள், வங்கிக் கடன் போதாதபோது, கூரை மாற்றவும் குளியலறை கட்டவும் அங்கே கடன் கேட்கலாம். அது இன்றும் செயல்படுகிறது.

அவர்கள் எல்லாரும் பழமையைப் போற்றும் உத்தமர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். ரிகி மலை உச்சியில் நின்ற பெரிய ஓட்டலை, மலைக்கே அசிங்கம் என்று சொல்லி 1950-களில் இடித்துத்தள்ளினார்கள். அந்தச் சுத்திகரிப்புக்குச் சாக்லேட் காசு விற்றுப் பொதுமக்களிடம் நிதி திரட்டினார்கள். நம் வாசகர் அந்தக் காலத்தில் அங்கே பிறந்திருந்தால் முதல் ஆளாக நின்று விற்றிருப்பார். பிறகு புத்தி மாறியது. 1997-இலிருந்து ஆண்டுதோறும் சிறந்த வரலாற்று ஓட்டலுக்கு அங்கே விருது கொடுக்கிறார்கள். இடித்தவர்களின் பிள்ளைகளே கொடுக்கிறார்கள்.

பாகப்பிரிவினைக்கு வருகிறேன். நம் குடும்பத் தொழில்கள் பெரும்பாலும் அப்பாவின் கருமாதியன்று முடிந்துவிடுகின்றன. வெங்கனில் அந்த அம்மையாருக்கு இரண்டு சகோதரர்கள். விடுதியைக் கம்பெனியாக்கிப் பங்குகளாகப் பிரித்து, இவர் இருவருடைய பங்குகளையும் பல ஆண்டுகளில் தவணையாக வாங்கிக்கொண்டிருக்கிறார். பரம்பரைச் சொத்து என்று வெளியிலிருந்து நாம் வாய்பிளக்கிறோம். ஒவ்வொரு தலைமுறையும் அதை விலை கொடுத்து வாங்கியிருக்கிறது. அடுத்து வருகிற மகன் முதலில் வேறு எங்காவது சம்பளத்துக்கு வேலை பார்த்துவிட்டு வர வேண்டும் என்பது வீட்டு விதி. லோசான் நகரில் 1893-லேயே ஓட்டல் தொழிலுக்கென்று பள்ளிக்கூடம் திறந்த நாடு அது. பிள்ளையைப் படிக்க வைத்துவிட்டு இந்தத் தொழிலுக்கு வராதே என்று சொல்லும் நாடு இல்லை. நான் என் மகனிடம் சொன்னதை இங்கே எழுத வேண்டாம். அவன் சிங்கப்பூரில் நன்றாக இருக்கிறான்.

குடும்ப விடுதி என்கிறோம். அதைத் தாங்குகிற கை எல்லாம் குடும்பத்துக் கை இல்லை. இரண்டாம் நாள் காலை, சமையலறைக் கதவு திறந்து வெள்ளை அங்கியில் ஒருவர் வந்து எங்கள் மேசையருகே நின்றார். “அண்ணை, மலேசியாவோ?” என்றார். யாழ்ப்பாணத்துக்காரர். எண்பதுகளில் போருக்குத் தப்பி இருபது வயதில் வந்தவர். பாத்திரம் கழுவத் தொடங்கி, இப்போது சமையலறை முழுவதும் அவர் பொறுப்பு. சுவிட்சர்லாந்தின் ஓட்டல் சமையலறைகளில் நம்மவர்கள் எத்தனையோ பேர் இப்படித்தான் காலூன்றியிருக்கிறார்கள். அன்று இரவு வேலை முடிந்ததும் எங்களுக்காகக் கத்தரிக்காய்க் குழம்பு வைத்தார். அரைத்த மிளகாய்த்தூள் பெர்ன் நகரத்துத் தமிழ்க் கடையில் வாங்கியது. பெர்னில் பல சமயத்தாரும் ஒரே கட்டடத்தில் வழிபடும் இல்லம் ஒன்று 2014-இல் திறந்தார்கள், அதற்குள் நம் கோயிலும் இருக்கிறது, ஓய்வு நாளில் அங்கே போவேன் என்றார். பிள்ளைகள் வங்கியிலும் அலுவலகத்திலும் வேலை செய்கிறார்கள். அவருக்கு ஓய்வு பெறும் வயது நெருங்குகிறது. மலையில் பனி குறைந்துகொண்டே வருவதைப் பற்றி அம்மையாரிடம் கேட்டேன். இயந்திரத்தால் பனி தூவுகிறார்கள், அதற்குச் செலவாகிறது என்று ஒரு வரியில் முடித்தார். இந்தச் சமையல்காரர் போய்விட்டால் சமையலறையை யார் பார்ப்பது என்பதைப் பற்றித்தான் நெடுநேரம் பேசினார்.

இந்தப் பிரச்சினை எனக்கும் புரியும். நம் ஊரில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் எவருக்கும் புரியும். ஆள் கிடைக்காமல் அடுப்பை அணைத்த கடைகளின் பட்டியல் வேண்டுமானால் எங்கள் தெருவிலிருந்தே தருகிறேன்.

இனி சுங்கை சிப்புட். எங்கள் கட்டடம் போருக்கு முந்தியது. 1948 சனவரி இறுதிக்குள் கட்டி முடித்த கட்டடங்களுக்கு 1966-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பொருந்தியது. அப்பா அந்தச் சட்டத்தின் நிழலில் குறைந்த வாடகையில் தொழில் செய்தார், மறுக்கவில்லை. அதே காரணத்தால் வீட்டுச் சொந்தக்காரர் ஒரு ஓடுகூட மாற்றவில்லை. 1997-இல் சட்டத்தை நீக்கினார்கள், 1999 முடிவோடு பாதுகாப்பும் முடிந்தது. நாடெங்கும் பழைய கடைத்தெருக்களில் வாடகை தாவியது. நாங்கள் மனைவியின் நகைகளையும் வங்கிக் கடனையும் வைத்துக் கட்டடத்தை வாங்கினோம். சாதாரண வியாபார வட்டிதான். பழைய கூரைக்கென்று தனிக் கடன் உண்டா என்று வங்கியில் கேட்டபோது, அந்த அதிகாரி காருக்கு உண்டு என்றார்.

அதற்கு முன்பே நெடுஞ்சாலை எங்களை விட்டு விலகிப் போய்விட்டது. வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை வருவதற்கு முன் ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் இடையே போகிற எல்லா வாகனமும் எங்கள் வாசலைக் கடந்துதான் போக வேண்டும். தோட்டக் கணக்குப் பார்க்க வரும் தணிக்கையாளர், ஜவுளி வியாபாரி, காப்புறுதி முகவர், கோயில் திருவிழாவுக்கு வரும் நாதஸ்வரக் குழு, பள்ளி ஆய்வாளர் எல்லாரும் எங்கள் விருந்தாளிகள். நாதஸ்வரக் குழு தங்கினால் பக்கத்துக் கடைக்காரருக்கும் இலவசக் கச்சேரி. இன்று கேபிள் பதிக்க வரும் குத்தகையாளர்களும் லாரி ஓட்டுநர்களும், துக்கத்துக்கு வந்து கடைசி பஸ்ஸைத் தவறவிட்ட உறவினர்களும்தான் வருகிறார்கள். துக்கத்துக்கு வந்தவர்களிடம் அப்பா பாதிக் கட்டணம்தான் வாங்குவார். நானும் அப்படியே.

ஊரில் பார்க்க என்ன இருக்கிறது என்று அந்த வாசகர் கேட்கிறார். வெங்கனுக்கு மேலே 2,061 மீட்டர் உயரத்தில் கிளைனே ஷைடெக் என்ற ஸ்டேஷன். அங்கே நின்றால் ஐகர் மலையின் வடக்குச் சுவர் நேரெதிரே தெரியும். 1936-இல் நான்கு இளைஞர்கள் அந்தச் சுவரில் மாண்டார்கள். கடைசி ஆள் மீட்புக்காரர்களின் கைக்கு எட்டாத தூரத்தில் கயிற்றில் தொங்கியபடி உயிர்விட்டார். இரண்டாண்டு கழித்து 1938-இல்தான் அந்தச் சுவர் ஏறப்பட்டது. இவற்றையெல்லாம் அங்கே மறைப்பதில்லை, படங்களோடு எழுதி வைத்திருக்கிறார்கள். நம் ஊருக்கு அருகில் எல்பில் தோட்டத்தில் 1948 சூன் 16 அன்று நடந்த கொலையோடுதான், கம்யூனிஸ்டுகளை எதிர்த்து ஆங்கிலேய ஆட்சி அறிவித்த மலாயா அவசரகாலம் தொடங்கியது என்று உலகத்து வரலாற்று நூல்களெல்லாம் எழுதுகின்றன. ம.இ.கா. என்ற மலேசிய இந்தியர் கட்சியின் தலைவராகவும் அமைச்சராகவும் இருந்த துன் வீ. தி. சம்பந்தன் பிறந்த ஊர் இது. அவர் உருவாக்கிய மகாத்மா காந்தி கலாசாலை என்ற தமிழ்ப்பள்ளியை 1954-இல் நேருவின் தங்கை விஜயலட்சுமி பண்டிட் வந்து திறந்துவைத்தார். ஒருவர் பஸ்ஸிலிருந்து இறங்கி இவற்றைப் பற்றிக் கேட்டால், கை நீட்டிக் காட்ட ஒரு பலகைகூடக் கடைத்தெருவில் கிடையாது.

என்னிடம் அப்பாவின் பதிவேடுகள் இருக்கின்றன. பெயர், அடையாள அட்டை எண், எங்கிருந்து வருகிறார், எங்கே போகிறார். போலீஸ் பார்வைக்காக எழுதியவைதாம். 1968-இல் வந்த வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால், குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலைப் பெர்மிட் இல்லாமல் தோட்டத்தில் வேலை இல்லை என்றாகிவிட்டது. அடுத்த ஓரிரு ஆண்டுகளின் பக்கங்களைப் புரட்டினால், எங்கிருந்து என்ற கட்டத்தில் சுற்று வட்டாரத் தோட்டங்களின் பெயர்கள், எங்கே என்ற கட்டத்தில் நாகப்பட்டினம், மதராஸ். குடும்பம் குடும்பமாக ஓர் இரவு இங்கே தங்கிவிட்டு, காலை ரயிலில் பினாங்கு போய் ரஜுலா கப்பல் ஏறியவர்கள். கையெழுத்துக்குப் பதில் பெருவிரல் ரேகைகள். ஆங்கிலேயர் பெயர் எழுதிய ஏட்டை வெங்கனில் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். இந்த ஏடுகள் என் வீட்டுத் தகர அலமாரியில், கற்பூர உருண்டைகளுக்கு நடுவே கிடக்கின்றன.

நான் கேட்பது மூன்றே. வெங்கனில் ஒவ்வோர் இரவுக்கும் விருந்தாளிகளிடம் ஒரு சிறு வரி வாங்குகிறார்கள். அந்தப் பணம் அதே ஊரின் நடைபாதைக்கும் பெஞ்சுக்கும் விழாவுக்கும் செலவாகிறது. நம் நாட்டிலும் 2017 செப்டம்பர் முதல் வெளிநாட்டுப் பயணியிடம் அறைக்கு இரவொன்றுக்குப் பத்து வெள்ளி வாங்குகிறோம். நானும் எப்போதாவது ஒருவர் வந்தால் வாங்கிக் கட்டுகிறேன். அதில் ஒரு பங்கு வசூலான ஊருக்கே, ஊர்ப் பெயரைச் சொல்லித் திரும்பி வரட்டும். இரண்டாவது, போருக்கு முந்திய கடைவீடுகளின் கூரைக்கும் மின்கம்பிக்கும் குறைந்த வட்டியில் ஒரு கடன் ஏற்பாடு. இலவசம் கேட்கவில்லை. திருப்பிக் கட்டுவோம்.

அரசு தரட்டும் என்று காத்திருக்க முடியாது என்பவர்களுக்காக மூன்றாவது. பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடலில் நம்மவர்கள் வீதிக்கு வந்தபோது, 1960-இல் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பாலெடுக்கும் தொழிலாளியின் சிறு சேமிப்பைச் சேர்த்துச் சேர்த்துத் தோட்டம் வாங்கினார்கள். கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் அப்படி வாங்கிய முதல் தோட்டம். பால்மரக் காட்டையே கூட்டாக வாங்கிய சமுதாயம், நாலு பழைய கடைவீட்டு மாடிகளைக் கூட்டாகப் பழுதுபார்க்க முடியாது என்று யாராவது சொன்னால் நான் ஏற்க மாட்டேன். வியாபாரிகள் சங்கத்தில் இதைப் பேசத் தொடங்கியிருக்கிறோம். இப்போதைக்கு வருவது தேநீர் குடிக்கிறவர்கள் மட்டும்தான்.

தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களோ மாணவர்களோ, வேறு எவரோ அந்தப் பதிவேடுகளைப் பார்த்துப் படியெடுக்க விரும்பினால் தாராளமாக வரலாம். தங்கள் அலுவலகத்தில் கேட்டால் என் தொலைபேசி எண் கிடைக்கும்படி செய்துகொடுங்கள். ஏடுகளை வெளியே கொடுத்தனுப்ப மாட்டேன், இங்கேயே உட்கார்ந்து பார்க்க வேண்டும். மேசையும் விசிறியும் தருகிறேன். வார நாட்களில் பிற்பகல் இரண்டு மணிக்குப் பிறகு வருவது நல்லது. காலையில் நாங்கள் மெத்தை காயவைத்துக்கொண்டிருப்போம்.

இப்படிக்கு,
ஒரு விடுதிக்காரன்,
சுங்கை சிப்புட், பேராக்.